ஏமாற்றம் யாருடையது?

பத்திரிகை படிக்கும் அன்பர்கள் ஒரு காரியம் செய்து பார்க்கலாம். வடசென்னைச் செய்திகள் வரும் பத்தியை எடுத்துக்கொண்டு, ஒரு மாத காலத்தில் 'ஏமாற்றம்' என்னும் சொல் அங்கே எத்தனை முறை வருகிறதென்று எண்ணிப் பார்க்கட்டும். இராயபுரம் வாசிகளுக்கு ஏமாற்றம். திருவொற்றியூர்த் தொழிலாளருக்கு ஏமாற்றம். எண்ணூர் மீனவருக்கு ஏமாற்றம். வரவு செலவுத் திட்டம் வெளியானால் ஏமாற்றம். ரயில்வே இலாகாவின் அறிவிப்பு வெளியானால் ஏமாற்றம். மந்திரி வந்து பார்த்துவிட்டுப் போனால் பிந்தியதோர் ஏமாற்றம். இவ்வளவு தாராளமாக வழங்கப்படும் சொல்லின் பொருள் யாது, அது எங்கே பிறந்தது என்று கேட்பார் சிலரே. மேடையிலும் மனுவிலும் நாள்தோறும் அதை வழங்குகின்ற அரசியல் ஊழியர்களாவது அக்கேள்வியைக் கேட்க வேண்டும். ஒரு மனுவில் அமையும் சொல், அம்மனுவின் வழக்கையே பலப்படுத்தவும் கூடும், கெடுத்துவிடவும் கூடும்.

'ஏமம்' என்பது பழந்தமிழ்ச் சொல். காவல் என்பது அதன் பொருள்; காவலால் வரும் இன்பமும் அதன் பொருளே. ஒரு நாட்டுக்கு அணி என்று திருவள்ளுவர் எண்ணும் ஐந்தனுள் ஏமமும் ஒன்று. 'ஏமாப்பு' என்றால் அரண், களிப்பு, பெருமிதம். அப்பர் பெருமான் அரசாணைக்கு அஞ்சாது பாடிய பாட்டிலே இச்சொல்லின் கிளையொன்று கம்பீரமாக நிற்பதை யாவரும் அறிவர். இந்த ஏமத்தோடு 'மாறு' என்னும் வினை சேர்ந்து 'ஏமாறு' ஆயிற்றென்பது அகராதியாசிரியர் கொள்கை. ஏமம் மாறுதல், அதாவது காவல் தவறுதல். அண்டை மொழிகளும் இதற்குச் சான்று பகர்கின்றன. தெலுங்கிலே 'ஏமரு' என்றால் கவனம் பிசகுதல், மறந்திருத்தல். கன்னடத்திலே 'ஏமாறு' என்றால் அசட்டையாயிருந்து மோசம் போதல். ஆகவே இச்சொல்லின் ஆதியிலே வஞ்சகன் ஒருவன் இல்லை. தூங்கிவிட்ட காவற்காரன் ஒருவனே இருக்கிறான்.

இவ்விடத்தில் அன்பர்கள் சற்று நிற்க வேண்டும். ஏமாறுதல் என்னும் வினைக்கு எழுவாய் யார்? வாக்கை மீறியவன் அல்லன், அதை நம்பியவன். ஏமாந்தான் என்ற மாத்திரத்தில் குற்றத்திற் பாதி அவன் தலைமேல் ஏறிவிடுகிறது. பூட்டாத வீட்டிலே களவு போனால் ஊரார் வீட்டுக்காரனை ஏசுவது போன்ற வழக்கு இது. 'ஏமாளி' என்று ஒரு பட்டமும் வைத்திருக்கிறோம். ஏமாற்றியவனுக்கு என்ன பட்டம்? எத்தன் என்பதுண்டு, ஆயினும் பேச்சு வழக்கில் 'கெட்டிக்காரன்', 'சாமர்த்தியசாலி' என்பனவே அதிகம். நமது ஜன சமூகம் யார் பக்கம் சிரிக்கிறதென்பதற்கு இதைவிட வேறு சாட்சியம் வேண்டுவதில்லை.

இலக்கணமும் ஒரு சிக்கலை உண்டுபண்ணியிருக்கிறது. மாறு என்பது தன்வினை, மாற்று என்பது பிறவினை. அவ்வாறே ஏமாறு, ஏமாற்று. ஆனால் 'ஏமாற்றம்' என்னும் பெயர் எதனடியாகப் பிறந்தது? ஏறு என்பதிலிருந்து ஏற்றம் வருகிறது. மாறு என்பதிலிருந்து மாற்றம் வருகிறது. அம்முறைப்படி ஏமாறு என்பதிலிருந்தே ஏமாற்றம் வரலாம். ஏமாற்று என்பதிலிருந்து வந்ததென்று கொள்ளினும் தடையில்லை. வடிவம் ஒன்றே. மழையை எதிர்பார்த்து மழை பெய்யாவிடினும் ஏமாற்றம். முன்பணம் வாங்கிக்கொண்டு ஒருவன் ஓடிவிட்டாலும் ஏமாற்றம். முன்னதில் குற்றவாளி இல்லை, பின்னதில் உண்டு. ஒரே சொல் இரண்டையும் மூடிக்கொண்டிருப்பதால், இரண்டாம் வகையைச் செய்தவர்கள் முதல் வகையின் மறைவிலே நின்றுகொள்ள முடிகிறது. 'எதிர்பார்த்தது நடக்கவில்லை, ஏமாற்றந்தான்' என்று வாக்களித்தவரே வந்து அனுதாபம் சொல்லிவிட்டுப் போகிற காட்சியை நாம் காணவில்லையா?

பிற தேசத்தார் இதை எவ்வாறு கையாளுகின்றனர் என்று பார்த்தால் வேடிக்கையாயிருக்கும். பிரெஞ்சுக்காரர் நிராசையைக் குறிக்க வழங்கும் 'டெஸெப்ஸியோன்' என்ற சொல்லே ஆங்கிலக் கரையேறி 'டிஸெப்ஷன்' என்று வஞ்சகத்தைக் குறிக்கிறது. மூலம் லத்தீன், பொறியிலே பிடித்தல் என்பது அதன் கருத்து. நம் ஏமாற்றத்தின் இரட்டைப் பொருள் அங்கே கால்வாய்க்கு இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாகப் பங்கு போடப்பட்டிருக்கிறது. ஜெர்மானியர் சொல்லோ தத்துவார்த்தமானது. 'என்டாய்ஷுங்' என்பார்கள், மயக்கம் நீங்குதல் என்பது பொருள். அவர்களுக்கு நிராசை என்பது கண் திறப்பு. ஆங்கிலத்தில் 'டிஸப்பாயிண்ட்' என்பதன் கதை நமக்கு மிகவும் வேண்டியது. பதினைந்தாம் நூற்றாண்டில் அது பிரெஞ்சிலிருந்து வந்தபோது, நியமித்த உத்தியோகத்தினின்றும் ஒருவனை நீக்குதல் என்பதே அதன் பொருளாயிருந்தது. மனத்தின் வாட்டம் பின்னால் வந்தது. முதலில் போனது வேலை. ஆலைக் கதவுகள் மூடப்பட்ட பகுதிகளிலே வாழ்வோருக்கு இந்தச் சொல்லாராய்ச்சி விளக்கமின்றியே விளங்கும்.

இனித் திருவொற்றியூருக்கு வருவோம். வாக்குத் தவறுதல் பற்றித் தமிழ்நாட்டில் வழங்கும் கதைகளுள் தலையாயது அவ்வூரிலே நடந்ததாகச் சேக்கிழார் கூறுகிறார். ஞாயிறு என்னும் ஊரிற் பிறந்து ஒற்றியூர்க் கோயிலிலே மாலை கட்டித் தொண்டு புரிந்தவர் சங்கிலியார். அவரை மணக்க விரும்பினார் சுந்தரர். ஆரூரில் பரவையாரோடு வாழ்கிறவர் தம்மைப் பிரிந்து போகாரென்பதற்கு உறுதி யாதென்று சங்கிலியார் கேட்டார். நியாயமான கேள்வி. சுந்தரர் ஒரு சூழ்ச்சி செய்தார். சந்நிதியிலே தாம் சத்தியம் செய்யும் நேரத்தில் இறைவன் அங்கிராது மகிழமரத்தின் கீழ்ப் போயிருக்க வேண்டுமென்று வேண்டிக்கொண்டார். இறைவனும் இசைந்து, சங்கிலியாரிடம் சென்று, மகிழின் கீழேயே சத்தியம் வாங்கிக்கொள் என்று சொல்லிவிட்டார். சுந்தரர் வேறு வழியின்றி அங்கேயே ஆணையிட்டு மணந்தார். வேனில் வந்தது, ஆரூர்த் திருவிழா நினைவுக்கு வந்தது, புறப்பட்டுவிட்டார். ஒற்றியூர் எல்லையைக் கடந்ததும் இரு கண்களும் ஒளியிழந்தன.

இக்கதையைப் பக்தியோடு படிப்போர் படிக்கட்டும். நாம் ஈண்டுக் கருதுவது வேறு. சங்கிலியார் ஏமாளியல்லர். வெறும் வாய்ச்சொல்லை அவர் ஏற்கவில்லை. சாட்சி கேட்டார், இடம் குறித்தார், ஆணை பெற்றார். ஏமம் மாறாதிருக்கச் செய்ய வேண்டியதெல்லாம் செய்தார். அப்படியிருந்தும் வாக்கு மீறப்பட்டது. மீறியவர் தேவாரம் பாடியவர், இறைவனுக்கே தோழர். ஆயினும் தண்டனை மீறியவருக்கே வந்தது; நம்பியவரைப் புராணம் நகையாடவில்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவை இன்றும் நடைபெற்று வருகிறது. அங்கே கூடும் கூட்டத்தில் ஆலைத் தொழிலாளரும் மீனவரும் உண்டு. ஒப்பந்தம் என்பது என்னவென்று அவர்களுக்குப் புதிதாகப் போதிக்க வேண்டுவதில்லை.

'நிராசை' என்பது வடசொல். ஆசை நீங்கியது என்று பிரித்துக் காட்டுவர். வடமொழியில் 'ஆசா' என்பதற்கு நம்பிக்கை என்பது ஒரு பொருள். திக்கு என்பது மற்றொன்று. தமிழ் நிகண்டுகளும் ஆசை என்பதற்குத் திசை என்று பொருள் கூறும். இரண்டும் வேறு வேறு மூலங்களிலிருந்து வந்தனவாயினும், எதிர்பார்க்கிறவன் எப்போதும் ஒரு திசையைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது மெய்யே. துறவிக்கு நிராசை ஒரு சித்தி. பட்டினத்தார் அடங்கிய இடம் ஒற்றியூர்க் கடற்கரையில் இருக்கிறது. இல்லறத்தானுக்கு அதே நிராசை ஒரு நஷ்டம். துறவியின் சொல்லைக் கொண்டு இல்லறத்தானைச் சமாதானப்படுத்துவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். கூலி குறைந்ததென்று முறையிடுவோனிடம் பற்றற்றிரு என்பது உபதேசமாகாது.

'நம்பிக்கை'யின் கதையும் சுவையுடையதே. தொல்காப்பிய உரியியல் 'நம்பு' என்பதற்கு நசை, அதாவது விருப்பம், என்றே பொருள் கூறுகிறது. விரும்புதல் என்றிருந்த சொல் நாளடைவில் மெய்யென்று கொள்ளுதல் என்றாயிற்று. வேண்டியதையே மனிதன் நம்புகிறான் என்பதை மொழி தானே ஒப்புக்கொண்டுவிட்டது.

கானல் நீர் என்று சொல்கிறோம். பழந்தமிழர் அதைப் 'பேய்த்தேர்' என்றனர். வடமொழியார் மானின் தாகம் என்று பொருள்படும் பெயரால் அதை வழங்கினர். ஒருவர் தோன்றுவதைப் பார்த்துப் பெயரிட்டனர். மற்றவர் தாகத்தால் ஓடும் பிராணியைப் பார்த்துப் பெயரிட்டனர். பின்னதில் இரக்கம் அதிகம் என்பது நமது அபிப்பிராயம். ஆனால் 'கானல்' என்பதற்கு முன்னோர் நூல்களில் கடற்கரைச் சோலை என்ற பொருளே பெருவழக்கு. சிலப்பதிகாரத்துக் கானல்வரியில் கோவலனும் மாதவியும் கடற்கரையில் அமர்ந்து யாழ் மீட்டுகின்றனர். ஒருவர் பாட்டை மற்றவர் பிழைபடக் கொள்கின்றனர். பிரிவு அங்கே தொடங்குகிறது. நெய்தல் நிலத்துக்கு இலக்கணத்தார் வகுத்த உரிப்பொருள் இரங்கல். கரையில் நின்று கடலை நோக்கிக் காத்திருத்தலும், வாராமை கண்டு வருந்துதலும் அந்நிலத்தின் ஒழுக்கம் என்றார்கள். கொசஸ்தலை ஆறு கடலோடு கலக்கும் எண்ணூர்க் கழிமுகம் சுத்தமான நெய்தல் நிலம். இன்று அங்கே கானற் சோலை ஏது? புகைபோக்கிகளும் சாம்பலும் நிலக்கரிக் குவியலும் உண்டு. இரங்கல் மட்டும் இலக்கணப்படியே நடந்துவருகிறது.

இவையெல்லாம் பழஞ்சொற்கள். தேசீய இயக்கமே நமக்குத் தந்த ஒரு சொற்றொடர் இருக்கிறது; அதைப் பேசாது விடுவது முறையன்று. திரும்பி வாராத கடனைக் 'காந்தி கணக்கு' என்கிறோம். கடைக்காரர் கைவிட்ட பாக்கியை 'காந்தி கணக்கில் எழுதிவிடு' என்கிறார். உண்மையைக் காக்கவே வாழ்ந்த ஒருவர் பெயர் வாராக் கடனுக்கு எவ்வாறு வந்தது?

ஒரு சாரார் கூறும் கதை வ. உ. சிதம்பரம் பிள்ளையைப் பற்றியது. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனி கண்டவர். 1908-இல் கொடிய தண்டனை பெற்றவர். 1912 டிசம்பரில் விடுதலையானபோது கப்பலும் இல்லை, வக்கீல் சன்னதும் இல்லை. ஆங்கிலச் சொல்லின் ஆதிப் பொருளின்படி அவரைக்காட்டிலும் 'டிஸப்பாயிண்ட்' செய்யப்பட்டவர் யார்? சென்னையில் வறுமையோடு போராடிக்கொண்டிருந்தார். தென்னாப்பிரிக்காவிலிருந்த தமிழர், கூலிகளாகச் சென்று சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில், பிள்ளையவர்களுக்கென்று ஒரு தொகை திரட்டினர். அது காந்தியடிகள் வழியாக வர வேண்டியிருந்தது. 1915 ஏப்ரலில் காந்தி சென்னைக்கு வந்து, துறைமுகத்துக்கு எட்டிய தூரத்தில், தம்புச் செட்டித் தெருவிலே ஜி. ஏ. நடேசன் இல்லத்தில் தங்கினார். அப்போது இருவருக்கும் கடிதப் போக்குவரத்து தொடங்கிற்று. மாதங்கள் சென்றன. பணம் வரவில்லை. இதுவே காந்தி கணக்கு என்பர்.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அக்கடிதங்களைத் தேடி ஆராய்ந்த ஆ. இரா. வேங்கடாசலபதி, பணம் கடைசியில் 1916-இல் பிள்ளையவர்களுக்கு வந்து சேர்ந்ததென்று காட்டியிருக்கிறார். தொகை 347 ரூபாய் 12 அணா. அந்தத் தொகையே அவரது நூலின் தலைப்பிலும் இடம்பெற்றிருக்கிறது. தாமதம் உண்மை; பிள்ளையவர்கள் பட்ட கஷ்டம் உண்மை; வாராக் கடன் என்பது மட்டும் பொய். காந்தி அத்தொகையை விழுங்கிவிட்டார் என்று இன்றும் ஒரு சிலர் மேடையேறிச் சொல்கிறார்கள். சரித்திரத்தைப் பழமொழியிலிருந்து படித்தால் வரும் கோளாறு இது. அதற்காகத் தாமதத்தை அற்பமாக்குவதும் தகாது. அரிசிக்கும் வழியில்லாத வீட்டில் ஒரு வருஷத் தாமதம் என்ன செய்யுமென்பதை உண்டு களித்திருப்போர் அறியார்.

மற்றொரு சாரார் கூறும் கதை 1930-ஆம் வருஷத்தது. ராஜாஜி தலைமையில் திருச்சியிலிருந்து வேதாரணியத்துக்கு உப்புச் சத்தியாக்கிரகப் படை சென்றது. தொண்டர்களுக்குச் சோறிடுவோரும் இடங்கொடுப்போரும் தண்டிக்கப்படுவரென்று தஞ்சை ஜில்லாக் கலெக்டர் தார்ன் பயமுறுத்தினார். ஆயினும் ஜனங்கள் சோறிட்டனர். வழியிலுள்ள கடைகளில் தொண்டர் உண்டபோது, 'இது காந்தி கணக்கு' என்று கூறி வியாபாரிகள் காசு வாங்க மறுத்தனராம். இவ்விரண்டில் எது மூலமென்று வாதாடுவோர் வாதாடட்டும். இரண்டாவது கதையே மூலமானால், நம் மொழியில் நேர்ந்திருக்கும் விபரீதத்தைக் கவனிக்க வேண்டும். தண்டனைக்கு அஞ்சாமல், திரும்பக் கேளாத மனத்தோடு கொடுத்த கொடை ஒன்று இருந்தது. அந்தத் தலைமுறை மறைந்ததும், கொடுத்தவர் மனம் மறந்து, திரும்பாத பணம் மட்டும் நினைவில் நின்றது. தியாகத்தின் பெயர் மோசடியின் பெயராயிற்று. 'மோசம்' என்பதும் திருட்டைக் குறிக்கும் வடசொல்லான 'மோஷ'த்தின் வழியாக வந்ததென்று சொல்லாராய்ச்சிக்காரர் சொல்வதுண்டு. கொடைக்குத் திருட்டின் பட்டம் கட்டுவது எவ்வளவு பொருந்தாதென்று கூறவேண்டா.

வடசென்னைக்குத் திரும்புவோம். இராயபுரம் ரயில் நிலையம் 1856-இல் திறக்கப்பட்டது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் வண்டி அங்கிருந்தே வாலாஜா பக்கம் புறப்பட்டது. பின்னர் சென்ட்ரல் வந்தது, எழும்பூர் வந்தது, இராயபுரம் ஒதுங்கியது. அதை மறுபடியும் பெரிய முனையமாக்க வேண்டுமென்பது வட்டாரத்தாரின் நெடுநாளைய கோரிக்கை. சென்னையின் மூன்றாவது முனையமென்ற பெருமை தாம்பரத்துக்குப் போயிற்று. இராயபுரத்தார் அடைந்ததை ஏமாற்றம் என்று தயக்கமின்றிச் சொல்லலாம். அது முதல் வகை. கோரினார்கள், கிடைக்கவில்லை. இதில் ஆணையிட்டு மீறியவர் இல்லை.

எண்ணூர் வேறு. அங்கே அனல் மின் நிலையம் 1970-இல் மின்சாரம் தரத் தொடங்கி 2017-இல் மூடப்பட்டது. வடக்கே வேறு அனல் நிலையங்கள் எழுந்தன. 2001-இல் புதுத் துறைமுகம் வந்தது. ஒவ்வொன்றும் வரும்போது அபிவிருத்தி என்ற சொல்லும் கூடவே வந்தது. கழியிலே சாம்பல் படிந்தது. இறாலும் நண்டும் குறைந்தனவென்று மீனவர் சொல்லி வருகிறார்கள். 2017 ஜனவரி 28-ஆம் தேதி அதிகாலையில் அத்துறைமுகத்துக்கு அருகே இரண்டு கப்பல்கள் மோதிக்கொண்டன. எண்ணெய் கரையெல்லாம் ஒதுங்கிற்று. அதை ஆட்கள் வாளியால் மொண்டு அகற்றிய காட்சியைத் தேசமெங்கும் கண்டனர். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கத்திலிருந்து எண்ணெய் வந்து கழியிலே பரவிற்று. வலையும் படகும் கறுத்துப்போயின. மீன் பிடித்தாலும் வாங்குவாரில்லை.

அச்சமயங்களில் இரண்டு சொற்கள் எதிரெதிரே நின்றதை நாம் கவனித்தோம். சர்க்கார் தரப்பிலே 'நிவாரணம்' என்றார்கள். மீனவர் தரப்பிலே 'நஷ்ட ஈடு' கேட்டார்கள். இரண்டும் பணந்தானே என்று எண்ணுவோர் பலர். நிவாரணம் என்றால் வடமொழியில் தடுத்தல், விலக்குதல். தீங்கு வருமுன் செய்யவேண்டிய காரியத்தின் பெயர் அது. தீங்கைத் தடுக்காமல் விட்டுவிட்டுப் பிறகு கொடுக்கும் தொகைக்கு அப்பெயரைச் சூட்டியிருக்கிறோம். அதிலே கருணையின் வாசனையும் ஏறிவிட்டது. கருணைக்குக் கணக்கு இல்லை. கொடுப்பவன் மனம் போனபடி கொடுக்கலாம், நிறுத்தலாம். 'ஈடு' என்பதோ ஒப்பு, சமம், பிணைப்பொருள் என்ற பொருள்களையுடைய தமிழ்ச் சொல். போனதற்குச் சமமாக வருவதே ஈடு. போனது எவ்வளவு, போக்கியவர் யார் என்னும் இரண்டு கேள்விகளையும் அது தன்னோடு இழுத்துவருகிறது. நிவாரணம் என்று கையெழுத்திட்டு வாங்கியவன் பிறகு ஈடு கேட்க வாயெடுத்தால், 'முன்னமே கொடுத்தாயிற்றே' என்று கைவிரிக்க இடமுண்டு.

'கைவிரித்தல்' என்பதை ஏமாற்றச் சொற்களுள் மிகவும் நேர்மையானதென்று சொல்வோம். உள்ளங்கையில் ஒன்றுமில்லையென்று காட்டுதல், அவ்வளவே. அதில் செய்கிறவன் தெளிவாகத் தெரிகிறான். 'பட்டை நாமம்' என்பதிலோ நாமம் போட்டவன் மறைந்து, நெற்றியிலே வாங்கிக்கொண்டவனே ஊர் சிரிக்க நிற்கிறான். இலவு காத்த கிளி என்னும் பழமொழியும் அந்த ஜாதிதான். பழுக்குமென்று கிளிக்கு வாக்களித்தவர் எவரும் அதில் இல்லை. அரசாங்கத்தின் எழுத்து மூலமான உறுதியை நம்பி நிலமோ நீரோ விட்டுக்கொடுத்தவர்களை அக்கிளிக்கு ஒப்பிடும் பத்திரிகாசிரியர்கள், மரத்துக்கும் மந்திரிசபைக்கும் உள்ள பேதத்தைச் சற்று யோசித்தல் நலம்.

மீனவர் வழக்கில் 'பாடு' என்றொரு சொல் உண்டு. பழவேற்காட்டு ஏரியில் இன்னார் இன்ன நாளில் இன்ன இடத்தில் வலை வீசலாமென்று ஊர் கூடி முறைவைத்து வகுப்பதற்குப் பாடு என்று பெயர். பங்கு என்பது அதன் கருத்து. உழைப்பும் பாடு, துன்பமும் பாடு. அம்முறையிலே ஒருவன் தன் நாளில் வலை வீசி வெறுங்கையோடு திரும்பினால் அவன் யாரையும் குறைகூறுவதில்லை. கடலையும் ஏரியையும் சேர்ந்தது அது. ஆனால் அவன் முறையில் மற்றொருவன் வலை வீசிவிட்டால் அன்று மாலையே ஊர் கூடும். அந்தக் கூட்டத்தில் 'ஏமாற்றம்' என்ற சொல்லுக்கு வேலை இல்லை. யார் வீசினான், யார் முறையில் வீசினான், எவ்வளவு எடுத்தான் என்ற மூன்றையுமே கேட்பார்கள்.